குளத்துத் துண்டு

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தைப் பார்க்க நடந்தாள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. சிக்கலான பிரசவம். நாலு நாள் எல்லோருக்கும் உயிர் தொண்டைக்குழியில் இருந்தது. இப்போது தாயும் சேயும் நலம். குளத்துத் துண்டில் தான் விதைத்த மசால் தீவனச் செடி பூத்து மஞ்சளாகக் கிடக்கும், அதையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போனால் நிம்மதியாகக் குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தாள்.

கேட்டுக்கு இருபதடி இருக்கும்போதே சாணி வாடை அடித்தது. அந்தத் துண்டில் ஐந்து வாரமாக ஒரு மாடுகூட இறங்கவில்லை. அவள்தான் பூட்டி வைத்திருந்தாள். புதுச் சாணி வாடை வருவதற்கு நியாயமே இல்லை.

உள்ளே முன்பின் தெரியாத மாடுகள் நின்றன. தொடையில் பச்சைப் பெயின்டால் எண் போட்ட வியாபாரத்து மாடுகள். எண்ணினாள். அறுபத்தெட்டு. இடுப்பளவுக்கு நின்ற புல் கணுக்காலுக்கும் கீழே போயிருந்தது. மசால் செடிகளில் இலையில்லை, பூவில்லை, வெறும் குச்சிதான் நின்றது. குளத்தங்கரை முழுக்க மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. மெதுவாக, மாடுகளுக்குக் கேட்கிற அளவில் மட்டும், "எவன்டா அவன்?" என்றாள். எவன் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் அவளுக்கு வேலிக்காரி என்று பெயர். அப்பாவுக்குப் பிறகு எண்பது ஏக்கர் புல் நிலம் அவளுக்கும் தம்பிக்கும் பொதுவாக வந்தது. தம்பி டவுனில் மாட்டு வியாபாரி; வாங்கி, லாரியில் ஏற்றி, விற்றுவிடுவான்; நிலத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவள்தான் கல்லு நட்டு, கம்பி இழுத்து, நிலத்தை நாலாகப் பிரித்தாள். குளத்துத் துண்டு, கீழ்த்துண்டு, மேட்டுத் துண்டு, பாறைத் துண்டு. "புல்லுக்கு யாராவது வேலி போடுவாங்களா? நாளைக்குக் காத்துக்கும் போடுவா இவ" என்று சிரித்தார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அது வெறும் காட்டுப் புல்லாக இருந்த நிலம். மழை இருக்கிற வரை மாடு கொழுக்கும். மழை நின்று மூன்று மாதத்தில் விலா எலும்பை எண்ணலாம். கால்நடை டாக்டர் ஒருவர்தான் முயல் மசாலைப் பற்றிச் சொன்னார். பயறு இனத்துச் செடி, புல்லோடு புல்லாக வளரும், கோடையிலும் பச்சை நிற்கும், வேரில் உள்ள முடிச்சால் மண்ணுக்கும் சத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் விதையை வாங்கி, தோல் கெட்டியாக இருக்கிறதென்று சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, முள் கிளையை மாட்டில் கட்டி இழுத்துக் கீறிய தரையில் முதல் மழைக்கு முன்பு தூவினாள். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியது. இந்த மூன்றாம் வருஷம்தான் குளத்துத் துண்டு பிடித்துக்கொண்டது.

மாடு எப்படித் தின்கிறது என்பதை அவள் பின்னாலேயே நடந்து பார்த்துக் கற்றிருந்தாள். மழை தொடங்கியதும் மாடு இளம்புல்லைத்தான் தின்னும், மசாலை முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும். அப்போது அளவாக மேயவிட்டால் புல் மட்டுப்பட்டு மசாலுக்கு வெயில் கிடைக்கும். மழை ஓய்ந்து புல் முற்றி நாரானதும் அதே மாடு மசாலைத் தேடித் தேடிக் கடிக்கும். அந்த நேரத்தில்தான் அது பூக்கிறது. பூத்து விதை கொட்டி முடிகிற வரை, ஏழெட்டு வாரம், மாட்டை உள்ளே விடவே கூடாது. விதை மண்ணில் விழுந்துவிட்டால் பிறகு கோடை முழுவதும் மேய்க்கலாம். அந்த ஏழெட்டு வாரத்தின் நட்டநடுவில்தான் இந்த அறுபத்தெட்டும் உள்ளே இறங்கியிருந்தன.

குளத்தின் மறுகரையிலிருந்து நெட்டை எழுந்து வந்தார். அவளிடம் பத்து வருஷமாக மாடு பார்க்கிறவர். ஆறடிக்கு மேல் உயரம். அன்றைக்கு நாலடியாகக் குறுகி வந்தார்.

"சொன்னேன்மா. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'அக்காவுக்குப் பாதின்னா எனக்கும் பாதி, தள்ளு'ன்னுட்டாரு."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட ஒம்போது."

"பூட்டை உடைச்சானா?"

நெட்டை தலையைச் சொறிந்தார். "உடைக்கலைம்மா. சாவி வச்சிருந்தாரு."

இரண்டு சாவி உண்டு. ஒன்று அவள் பர்ஸில் இருந்தது. இன்னொன்று வீட்டில், புருஷனுடைய பட்டன் டப்பாவில்.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவள் உள்ளே நுழைந்தபோது ஒரு பள்ளிச் சீருடைக்குப் பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார்.

"சாவியைக் குடுத்தீங்களா?"

"உன் தம்பிம்மா. வாசல்ல லாரியை நிறுத்திட்டுக் கேக்குறான். நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"வாயால சொல்றது. மு, டி, யா, து. நாலு எழுத்து."

"நீ அங்க பொண்ணுக்கு என்ன ஆகுமோன்னு இருக்கும்போது மாட்டுக் கதையைச் சொல்லி..."

"தினம் ரெண்டு வேளை பேசினீங்க. டாக்டர் வந்தாரா, ஃபேன் ஓடுதா, கொசு கடிக்குதான்னு கேட்டீங்க. ஒம்போது நாள். பதினெட்டு தடவை. ஒரு தடவைகூட நாக்கு புரளலையா?"

தையல்காரர் ஊசியில் நூலைக் கோக்கப் போனார். நூல் ஏறவில்லை. "சண்டை வேண்டாம்னுதான்..." என்றார்.

"சண்டை வேண்டாம்னு நீங்க குடுத்த சாவியிலதான் சண்டை வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள்.

தம்பி முதல் மணியிலேயே எடுத்தான். குரலில் சர்க்கரை. "அக்கா! வந்துட்டியா? நானே வரணும்னு இருந்தேன். பாலம் உட்கார்ந்துருச்சுக்கா, லாரி அந்தப் பக்கம் போக முடியல. அறுபத்தெட்டு உருப்படியை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? உனக்கு ஏழு தடவை போன் அடிச்சேன், நீ எடுக்கல."

அந்த ஏழு அழைப்புகளையும் அவள் பார்த்திருந்தாள். மகளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோன அன்றைக்கு வந்தவை. தம்பி பதறிப்போய் விசாரிக்கிறான், பாவம், விடிந்ததும் பேசலாம் என்று நினைத்திருந்தாள். பிறகு அந்தக் களேபரத்தில் மறந்துபோனது.

"அது விதைக்கு விட்ட துண்டுடா" என்றாள்.

"மசால் வந்துருச்சு, இனிமே இந்த நிலம் முன்னைவிட ரெண்டு மடங்கு மாடு தாங்கும்னு நீதானே சொன்ன? அதை நம்பித்தான் இறக்கினேன்."

"எப்ப தாங்கும்னு சொன்னேன்? எந்த மாசத்துல?"

"என்னக்கா நீ. புல்லுதானே. மழை பெஞ்சா மறுபடி முளைச்சுட்டுப் போகுது."

அவள் போனை வைத்துவிட்டாள். கத்தவில்லை. முன்னறையில் தையல் மிஷினும் ஓடவில்லை. மூன்று வருஷம் கொப்புளம் வந்த கைக்கு அவன் 'புல்லுதானே' என்று பெயர் வைத்துவிட்டான். அந்த வார்த்தை அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது. புருஷன் தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தட்டு அப்படியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நெட்டையிடம் சொன்னாள்: "அண்ணே, மாட்டை ஓட்டணும்."

"எங்கம்மா?"

"உடையவன் வீட்டுக்கு."

நெட்டைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முதல் தடவையாக நிமிர்ந்து தன் முழு உயரத்துக்கு நின்றார்.

டவுன் நாலு மைல். புது மாடுகளுக்கு வழி தெரியாது, சிதறும். அதனால் அவள் தன்னுடைய கிழட்டுச் செவலைப் பசுவை முன்னால் விட்டாள். தான் அதன் பக்கத்தில் ஒரு வாளித் தவிட்டோடு நடந்தாள். நெட்டை கடைசியில் வந்தார். எல்லா மாடும் வெளியே வந்ததும் அவள் கேட்டைப் பூட்டி, தம்பி நெட்டையிடம் விட்டுப்போயிருந்த சாவியையும் வாங்கி, இரண்டையும் பர்ஸில் போட்டுக்கொண்டாள். அறுபத்தெட்டும் செவலையின் பின்னால் ஒழுங்காகத்தான் வந்தன. மாட்டுக்கு என்ன தெரியும், அதுகள் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஒரு சினைமாடு நொண்டியபோது எல்லாவற்றையும் நிறுத்தி, குளம்பில் சொருகியிருந்த கல்லை எடுத்துவிட்டுத்தான் மறுபடி நடந்தாள்.

டவுனுக்குள் நுழையும்போது ஆபீஸுக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரம். தம்பியின் தெரு அகலமில்லாத தெரு. முனையில் மருந்துக்கடை, பக்கத்தில் போன் ரிப்பேர் கடை, அப்புறம் வரிசையாக மாடி வீடுகள். அறுபத்தெட்டு மாடு உள்ளே போனதும் தெரு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. ஸ்கூட்டர்கள் நின்றன. டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று நடுவில் சிக்கிக்கொண்டது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாடு எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை வரிசையாகக் காலி செய்தது. இன்னொன்று காரைக் கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரை முகர்ந்து தும்மியது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அடியில் குனிந்து வேடிக்கை பார்த்தார்.

"யாரோட மாடும்மா இது?" என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"வியாபாரியோடது! அட்ரஸ் தப்பி என் வீட்டுக்கு வந்துருச்சு, கொண்டாந்து விட்டேன்!" என்று அவளும் கத்தினாள்.

தம்பி கதவைத் திறந்தான். பாதி முகத்தில் ஷேவிங் நுரை. தெருவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தெருவைப் பார்த்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமா. ஒம்போது நாளா."

"தெருவுல மானத்தை வாங்கறியே, உள்ள வா, பேசலாம்."

"உள்ள வந்து பேசுற விஷயத்தை நீ உள்ள வந்து பேசியிருக்கணும். என் நிலத்துல நீ வெளிச்சத்துல பண்ணின, நான் வெளிச்சத்துல கேக்குறேன்."

"என் நிலமும்தான் அது! பாதி என்னோடது!"

"பாதியா? எந்தப் பாதி? கல்லு நட்ட பாதியா, விதை போட்ட பாதியா? மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கேட்டைத் திறந்து உள்ள வந்து நின்னிருக்கியா? வந்த அன்னைக்கு அறுபத்தெட்டு வாயோட வர்ற!"

"பாலம் இடிஞ்சா நான் என்ன பண்றது? மாட்டைப் பட்டினி போடவா? ஏழு தடவை போன் பண்ணேனே!"

அங்கேதான் அவளுக்கு உடைந்தது. அதுவரை கணக்காக வந்துகொண்டிருந்த குரல் கிழிந்தது.

"அந்த ஏழு போன்தான்டா எனக்கு எரியுது! என் பொண்ணு உள்ள கிடக்கும்போது அடிச்ச. தாய்மாமன் நீ, விசாரிக்கத்தான் அடிக்கிறியாக்கும்னு நான் நினைச்சேன், மடச்சி! நேத்துப் பேசினியே, குழந்தை என்ன குழந்தைன்னு கேட்டியா? என் பொண்ணு பொழைச்சாளான்னு கேட்டியா? அக்கா வந்துட்டியா, பாலம் உட்கார்ந்துருச்சு! உனக்கு நான் யாரு? பூட்டுக்காரியா?"

மாடுகள் மட்டும் அசைபோட்டன. தம்பி நுரையைத் துண்டால் துடைத்தான். துடைக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைத் துடைத்தான்.

அவன் மனைவி டீச்சர் பின்னால் வந்து நின்றிருந்தாள். கையில் பள்ளிக்குப் போகிற பை, திருத்திய விடைத்தாள் கட்டு. "அண்ணி சரின்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்க எங்கிட்ட" என்றாள் புருஷனிடம்.

"மாமா சாவி குடுத்தாரு. அது சரின்னு சொன்ன மாதிரிதானே?"

"அண்ணி சொன்னாங்களா, இல்லையா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். டீச்சர் படியிறங்கி, சாணியில் மிதிக்காமல் இரண்டு மாடுகளுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு வந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "பொண்ணு நல்லா இருக்காளா, அண்ணி?" என்று கேட்டாள். வேலிக்காரி தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சர் திரும்பி, "மத்தியானம் நான் வர்றதுக்குள்ள தெருவைக் கழுவி வச்சிருங்க. எதிர்வீட்டுத் தொட்டியும் வாங்கி வச்சிருங்க" என்று புருஷனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

வேலிக்காரி செவலைப் பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு திரும்பினாள். அந்த அறுபத்தெட்டை அவன் என்ன செய்தான், எங்கே கட்டினான் என்று அவள் விசாரிக்கவில்லை.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரு மொத்தமும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தான்; பாதிப் பேர் சிரிக்கவும் செய்தார்கள். பேச்சு நின்றது. இரண்டாவது மாதம் சர்வேயர் வந்தார். பாகம் பிரிக்க வேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்திருந்தான். பேசி முடிக்க எல்லோரும் நிலத்தில் நின்றார்கள். மேட்டுத் துண்டும் பாறைத் துண்டும் ஒரு பாகம், குளத்துத் துண்டும் கீழ்த்துண்டும் இன்னொரு பாகம். எது யாருக்கு என்று சர்வேயர் கேட்டார்.

"எனக்குக் குளத்துப் பக்கம் வேணும்" என்றான் தம்பி. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சர்வேயரின் டேப்பைப் பார்த்துச் சொன்னான்.

மண்ணோடு மண்ணாகக் கிடந்த அந்தத் துண்டை அவள் ஒரு தடவை பார்த்தாள். "மொட்டையடிச்சது அவன்தானே, அவனே வச்சுக்கட்டும்" என்றாள்.

தையல்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். "தண்ணி அந்தப் பக்கம் போயிடும்மா."

"தெரியும்."

தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள். கோபத்தில் போட்ட கையெழுத்து. மை காய்வதற்குள் தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் பேனாவைக் கொடுத்தது கொடுத்ததுதான். நடுவில் வேலி ஏறியது. இந்தத் தடவை கம்பியைத் தம்பி இழுத்தான், ஐந்து வரிசை. கேட்டில், சந்தையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிப் போட்டான்.

அதன் பிறகு வந்த வருஷம் அவளுக்கு மோசமான வருஷம். நாலு துண்டு இருந்தபோது ஒன்றில் மேய்த்து மூன்றை ஆறவிடலாம். இரண்டே துண்டில் எதை ஆறவிட? மழை பிடித்து முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. புல் ஒரு சாண் எழும்புவதற்குள் மாடு வந்துவிடுகிறது. முப்பது மாட்டில் பதினொன்றை விற்றாள். ஒவ்வொன்றும் அவள் கையில் பிறந்தது. விற்ற அன்றைக்கு நெட்டை லாரிப் பக்கம் வரவே இல்லை. தண்ணீருக்கு வீட்டுக் கிணற்றிலிருந்து அரை மைல் குழாய் இழுத்தாள். குழாய் வாரத்துக்கு ஒரு தடவை எங்காவது புட்டுக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒட்டுப்போட உட்கார்ந்து தம்பியைத் திட்டினாள். பிறகு தன்னைத் திட்டினாள். அதில் கொஞ்சம் புருஷனுக்கும் பங்கு கொடுத்தாள்.

புருஷனிடம் அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. உப்பு, கரண்ட் பில், மகளின் போன், அவ்வளவுதான். ஒரு நாள் காலை அவரைக் கடையில் காணோம். ரோட்டோரம், வேலிக்கு வெளியே, மாட்டின் வாய் எட்டாத ஒரு முழ அகலப் பட்டையில் தப்பிப் பிழைத்த மசால் நின்றிருந்தது. அதன் அடியில் கொட்டிய விதையை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளக்குமாற்றால் கூட்டி, மண்ணோடு ஒரு பழைய தலையணை உறையில் அள்ளிக்கொண்டிருந்தார் தையல்காரர். போகிற வருகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாலு நாள் இப்படிப் போனார். சலித்து எடுத்ததில் இரண்டு படிகூடத் தேறவில்லை. அவள் அதை வாங்கிச் சுடுதண்ணீரில் முக்கி மேட்டுத் துண்டில் தூவினாள். "நல்ல விதைதான்" என்றாள். அதற்கு மேல் அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்த வருஷம் அவளை உண்மையில் வதைத்தது வேலிக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான்.

அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. தம்பி பூட்டியது பூட்டியபடி இருந்தது. பாலம் சரியாகி அவன் வியாபாரம் பழையபடி சந்தைக்குப் போய்விட்டது. நிலத்தில் மாடு இறக்கும் தேவை அவனுக்கு வரவில்லை. ரோஷத்துக்குத்தான் வாங்கினான், ரோஷத்துக்குத்தான் பூட்டினான். மழை முழுக்க ஒரு வாயும் படாததால் அடித்தூரிலிருந்து புல் துளிர்த்தது. குச்சியாக நின்ற மசால் செடிகள், செத்துவிட்டன என்று அவள் கைகழுவியவை, கணுவுக்குக் கணு கிளைத்தன. போன வருஷங்களில் மண்ணில் தங்கியிருந்த விதையும் முளைத்தது. மழை ஓய்ந்தபோது குளத்துத் துண்டு நெஞ்சளவு நின்றது. மஞ்சள் பூ கண்ணைக் குத்தியது. அவள் மூன்று வருஷம் பாடுபட்டும் அப்படி ஒரு மேய்ச்சலைப் பார்த்ததில்லை.

இந்தப் பக்கம் அவளுடைய பத்தொன்பது மாடும் வேலிக்கம்பியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. விலா எலும்பு தெரிந்தது. அவளும் அவற்றோடு நின்றாள்.

"ஒண்ணும் பண்ணாமயே ஜெயிச்சுட்டான் பாருங்கண்ணே" என்றாள் நெட்டையிடம். "என் கையால அழிஞ்சிருந்தாக்கூட ஆறியிருப்பேன். அவன் கையால நல்லா வந்திருக்கே, அதைத்தான் தாங்க முடியல."

"அவரு கைய வைக்கலையேம்மா, அதனாலதான் வந்துச்சு" என்றார் நெட்டை. அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கோபத்தில் அடக்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. விதை கொட்டிய பிறகும் இப்படியே விட்டால் கோடையில் அத்தனையும் காய்ந்து சருகாகும். ரோட்டோரம். பஸ்ஸிலிருந்து ஒருவன் சிகரெட்டை வீசினால் போதும், நாற்பது ஏக்கரும் போகும், வேலி தாண்டி இவள் பக்கமும் வரும். தீயே வராவிட்டாலும் முற்றிய புல் மூடி அடுத்த வருஷத்து மசால் குஞ்சுகளுக்கு வெயில் கிடைக்காது. மேய்ச்சல் நிலத்தை மொட்டையடிப்பதும் தப்பு, மேய்க்காமல் விடுவதும் தப்பு. இதைத் தம்பியிடம் யார் போய்ச் சொல்வது? அவள் போவதாக இல்லை. எரிந்தாலும் சரி என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

டீச்சர்தான் வந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, பஸ்ஸில், தனியாக. தையல்கடையில் உட்காராமல் நேராக நிலத்துக்கே வந்து, புட்டுக்கொண்ட குழாயைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் பேசினாள்.

"அண்ணி, அந்தப் பக்கம் உங்க மாடு மேயட்டும்."

"அவன் அனுப்பினானா?"

"அவரு அனுப்ப மாட்டாரு. வேண்டாம்னும் சொல்ல மாட்டாரு. நேத்து ரோட்டுல போகும்போது உங்க மாட்டைப் பார்த்துட்டு வந்து ராத்திரி சாப்பிடல. வியாபாரி இல்லையா, மாட்டோட எடை பார்த்ததும் தெரிஞ்சிருது." டீச்சர் பையிலிருந்து அந்தப் பெரிய பூட்டின் சாவியை எடுத்தாள். "இது உங்க கிட்டயே இருக்கட்டும்."

வேலிக்காரி சாவியைப் பார்த்தாள். கை சேறாக இருந்தது. வாங்கவில்லை.

"அவன்கிட்ட நான் மன்னிச்சுட்டேன்னு போய்ச் சொல்லாத. மன்னிக்கல."

"சொல்லல."

"இப்ப விடக் கூடாது. பூ இன்னும் நிக்குது. விதை கொட்ட நாலு வாரம் ஆகும்."

"உங்க மாடு அதுவரைக்கும் தாங்குமா?"

அவள் மாடுகளைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வாரம். "தாங்கணும்" என்றாள். "பத்தொம்போதுதான் விடுவேன். ஒண்ணுகூடச் சேர்க்க மாட்டேன். புல்லு ஒரு சாணுக்கு வந்ததும் வெளிய ஓட்டிருவேன். சாவி உன் கிட்டயே இருக்கட்டும். அன்னைக்கு நான் வந்து கேட்டு வாங்கிக்கிறேன். கேட்டுத்தான் வாங்கணும்."

அந்த நாலு வாரமும் வைக்கோல் வாங்கிப் போட்டு, மரக்கிளை வெட்டிப் போட்டு மாடுகளைக் காப்பாற்றினாள். தினமும் வேலி வழியே கையை விட்டு ஒரு பூங்கொத்தை உருட்டிப் பார்ப்பாள். விதை உள்ளங்கையில் தானாக உதிர்ந்த அன்றைக்கு டவுனுக்குப் போனாள். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, இடைவேளையில் டீச்சரிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தார்கள். பத்தொன்பது மாடும் உள்ளே போய், முதலில் நம்பாததுபோல் நின்றன. பிறகு தலையைக் கவிழ்த்தன. வேறு சத்தமே இல்லை, கடிக்கிற சத்தம் மட்டும்தான்.

ரோட்டில் லாரி வந்து நின்றது. தம்பி இறங்கினான். கேட்டுக்கு வெளியேதான் நின்றான், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் பார்க்காததுபோல் நின்றாள். நெட்டை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி முன்னால் வந்தான்.

"ரெண்டு மாசத்துல உடம்பு பிடிச்சுக்கும்க்கா" என்றான்.

அவள் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் பக்கம் நின்ற ஒன்று தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது.

"தள்ளி நில்லு" என்றாள். "மாடு மிரளுது."

அவன் தள்ளி நின்றான். போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.